வாயைத் திறந்து வைத்த ஐம்பது நிமிடம்

...ஆனாலும் இந்த நாற்காலியில் சாய்ந்தவுடன் சிரிப்பு வரக்கூடாது, பல் டாக்டரிடம் வந்தவள் பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தன்னைத்தானே அதட்டிப் பார்த்தாள், உதடு கேட்டால்தானே... நாற்காலி லேசாக முனகிக்கொண்டு பின்னால் போனது, கால் மேலே வந்தது, ஐந்து நாளாக நின்றுகொண்டே இருந்த அந்த இரண்டு கால்களும் இதென்ன புது மரியாதை என்று கூச்சப்பட்டுக்கொண்டு நீட்டிக் கிடந்தன, மேலே கூரையில் சதுரம் சதுரமாக வெள்ளைப் பலகை, எந்தப் பலகையிலும் எதுவும் எழுதவில்லை, நேரம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, நடைமேடை எண் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பேருந்து நிலையத்தின் விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு எதுவும் எழுதாத பலகை எவ்வளவு அழகு என்று இந்த டாக்டருக்குத் தெரியுமா? "ஆ காட்டுங்க" என்றார் அவர். காட்டினாள். முடிந்தது. இனிமேல் உலகத்தில் யாரும் இவளிடம் எதையும் கேட்க முடியாது. கேட்கலாம், பதில் வராது. மருத்துவக் காரணங்களால் வராது. சிரிக்காதே, ஊசி போடப் போகிறார், கொஞ்சமாவது பயந்த மாதிரி கண்ணை மூடிக்கொள்.

ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான், காலையிலிருந்து இவளிடம் சுருக்கென்று வந்ததிலேயே இதுதான் மென்மை. காலை நாலரைக்கு எழுந்தது, ஏனென்றால் குளியலறை அட்டவணையில் வீட்டுக்காரிக்கு ஒதுக்கியிருப்பது நாலே முக்கால். தங்கை புருஷன் போட்ட அட்டவணை. வருஷக் கடைசி விடுமுறைக்கு வந்து இறங்கியதும் மனிதர் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, ஸ்கேல். ஒன்பது பேர், ஒரு குளியலறை, மூன்று நிற மை, அவர் பெயரே இப்போது வீட்டில் அட்டவணைதான், தம்பி வைத்த பெயர், முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறான், அவரும் பட்டம் கிடைத்த மாதிரி திரும்பிப் பார்க்கிறார். நல்ல மனிதர்தான், எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதானே சிக்கல், ஒருத்தராவது கெட்டவராக இருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்... அக்கா, துண்டு எங்க? பெரியம்மா, வைஃபை ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? அண்ணி, பாப்பா பாட்டில் மூடியப் பாத்தீங்களா? வீட்டில் கண்ணாடி இல்லை, ஓட்டை இல்லை, வரிசை இல்லை, அது ஒன்றுதான் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம். நேற்று அரைத்தூக்கத்தில் தம்பி மனைவியிடம் "மூணாவது நடைமேடை" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணும் சமையலறை மூன்றாவது அலமாரியைத் திறந்தாள், மூடி அங்கேதான் இருந்தது. பெருமைப்படுவதா, பயப்படுவதா?

வாய்க்குள் இடப்பக்கம் மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஈறு, அப்புறம் கன்னம், அப்புறம் உதட்டில் பாதி... யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போகிற மாதிரி, நன்றாகத்தான் இருக்கிறது, இதை மனசுக்கும் போடுவார்களா? கேட்கலாம், கேட்க வாய் இல்லை. அலுவலகத்தில்கூட ஒரு தாள் கொடுத்தார்கள், விடுமுறைக் கால மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பத்து வழிகள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள், உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள், நாலாவதாக, முடியாது என்று சொல்லப் பழகுங்கள், எல்லாம் முத்து முத்தான யோசனை, அதே பின்னில் கோத்த இரண்டாவது தாளில் விடுமுறைக் காலம் முழுக்கக் கூடுதல் இரண்டு மணி நேர வேலைக்கான உத்தரவு. மேற்பார்வையாளரிடம் போய், "சார், முதல் தாள்ல நாலாவதா இருக்கறத வெச்சு ரெண்டாவது தாளுக்கு முடியாதுன்னு சொல்லலாமா?" என்று கேட்டாள். அவர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது வேற பிரிவு அனுப்பினதும்மா, ரெண்டையும் சேத்துப் படிக்கக் கூடாது" என்றார். தாளைக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். இப்போது அதன்மேல் முட்டை, சோப்பு, பாப்பாவின் டயப்பர் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது, நாலாவது வழி சரியாக முட்டைக்குக் கீழே.

ஆனால் நேரம் ஒதுக்கினாள், அதை யாரும் மறுக்க முடியாது. கூடுதல் வேலை பார்த்ததற்கு ஈடாகக் கெஞ்சி வாங்கிய விடுப்பு இந்த ஞாயிறு வரை இருக்கிறது. விருந்தாளிகள் நாளைக்கு, புதன்கிழமை, கிளம்புகிறார்கள். வீட்டுக்காரருக்கு வியாழனிலிருந்து வேலை. ஆக வியாழன், வெள்ளி, சனி... மூன்று பகல், முழுசாக, இவளுக்கே இவளுக்கு. என்ன செய்யப் போகிறாய்? ஒன்றும் செய்யப் போவதில்லை. அதைத்தான் இரண்டு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். தேநீரைச் சூடாக இருக்கும்போதே குடிப்பது. ஒரு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பது. சுவர் எதுவும் கேட்காது. அது மட்டும் நடந்துவிட்டால் அடுத்த விடுமுறைக் கூட்டம் வரை தாங்கிவிடலாம், நடக்காவிட்டால்... நடக்காவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முதல் பயணியிடம் என்ன சொல்வாளோ அவளுக்கே தெரியாது. நேற்றுச் சாயங்காலம் துண்டு தேடிய நேரத்தில்தான் இந்தப் பல்லே ஞாபகம் வந்தது, ஆறு மாதம் முன்னால் டாக்டர், சின்ன ஓட்டைதான், தோணும்போது வாங்க என்று சொன்ன பல். தோன்றியது. போன் போட்டாள். ரொம்ப வலிக்குதா என்று நர்ஸ் கேட்டாள். தாங்க முடியல என்றாள். பல் என்று சொல்லவில்லை, பொய்யில்லை.

உர்ர்ர் என்று கருவி சுழன்றது, நின்றது. "அவசரம் ஒண்ணும் இல்லையே உங்களுக்கு?" என்றார் டாக்டர். கண்ணாலேயே இல்லை என்றாள், இவ்வளவு சத்தமாகக் கண்ணால் அவள் பேசியதே இல்லை. "நல்லதாப் போச்சு, மெதுவாவே பண்ணுவோம்" என்று அவர் ஒரு கருவியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், வைத்தார், மறுபடி அதையே எடுத்தார். பஞ்சை மாற்றினார். மாற்றிய பஞ்சு முந்தின பஞ்சு போலவே இருந்தது. "சார், இன்னிக்கு இவங்க ஒருத்தர்தான், லீவு விட்டிருக்கலாம்ல?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "லீவு விட்டா நான் எங்கம்மா போறது? வீட்ல மாமனார் பக்கத்து ஆளுங்க பதினாலு பேர்" என்றார், குரலில் வருத்தமே இல்லை, வானிலை அறிக்கை மாதிரி. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு, தான் மட்டும் என்ன ஆசைப்பட்டா வந்தேன் என்பது மாதிரி எதையோ துடைத்தாள். அப்போதுதான் நாற்காலியில் கிடந்தவளுக்கு உறைத்தது, பத்து நிமிஷ ஓட்டை இது, அரை மணி நேரமாக மூன்று பேரும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடும்... எவ்வளவு அமைதியான இடம், ஏ.சி. வேறு.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. தங்கை. நர்ஸ் எட்டிப் பார்த்து எடுக்கட்டுமா என்று புருவத்தால் கேட்டாள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கை கைப்பேசியைத் தூக்கி நீட்டிவிட்டது, பார், நாலாவது வழி... நர்ஸ் ஒலிபெருக்கியில் போட்டாள். "அக்கா, ஒரே ஒரு விஷயம்" என்றது தங்கையின் குரல், ஒரே ஒரு விஷயம் என்று தொடங்கிய எதுவும் ஒன்றோடு நின்றதில்லை, "நாளைக்குக் கிளம்பறதுக்குப் பதிலா எல்லாருமே சனிக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போகலாமான்னு பேசிக்கிட்டோம். உனக்குச் சரிதானே?" வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனி, வாளி, வெந்நீர், சுவர்... "அவங்களால பேச முடியாதுங்க, வாய்க்குள்ள பஞ்சு" என்றாள் நர்ஸ். "ஐயோ, பேச வேணாங்க, தலைய மட்டும் ஆட்டச் சொல்லுங்க போதும்."

டாக்டர் கையை எடுத்துவிட்டார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அங்கே இல்லாத எதையோ தேடினார். வாய் ஓரத்தில் உறிஞ்சுகுழல் மட்டும் கொர்ரென்றது. தலை, அதன் பழக்கப்படி, கிளம்பிவிட்டது, நாற்பத்தாறு வருஷப் பழக்கம், மோவாய் அரை அங்குலம் இறங்கியிருக்கும், ஆட்டு, ஆட்டினால் என்ன, மூன்று நாள்தானே, அவர்களும் எப்போதாவதுதான் வருகிறார்கள், பாவம்... யார் பாவம்? ஆட்டினால் அடுத்த நொடி முடிந்துவிடும், ஆட்டாவிட்டால் முகம் வாடும், ஆட்டினால் அட்டவணை மறுபடி ஸ்கேல் கேட்பார்... மோவாய் அந்த அரை அங்குலத்திலேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூரைப் பலகையைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"என்னங்க, ஆட்டினாளா?"

"ஆட்டலீங்க" என்றாள் நர்ஸ்.

"இல்லேன்னு ஆட்டினாளா?"

"எப்படியும் ஆட்டலீங்க. சும்மா மேல பாத்துக்கிட்டு இருக்காங்க."

போச்சு, தங்கை அழப் போகிறாள், சின்ன வயதிலிருந்தே இவளுக்கு அழுகை மூக்கில்தான் தொடங்கும், உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறதா... இல்லை, அது வாயிலிருக்கும் குழல். பிறகு கைப்பேசியை விலக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குள் கத்துவது கேட்டது, "ஏங்க! அக்கா ஆட்டலையாம்!" எங்கோ கூடத்திலிருந்து அட்டவணையின் குரல், நெஞ்சின் அடியிலிருந்து, "அப்பாடா!"

என்னது?

"அக்கா, தப்பா எடுத்துக்காத" என்று தங்கை மறுபடி வந்தாள், குரலில் இருந்தது அழுகை இல்லை, அடக்க முடியாத சிரிப்பு, "நீ வருஷா வருஷம் இருங்க இருங்கன்னு சொல்றியா, போறோம்னு சொன்னா உன் மொகம் வாடிடுமேன்னுதான் இந்தத் தடவ நாங்களே கேட்டுடலாம்னு... இவருக்கு அந்தக் கட்டில்ல ஒரு ராத்திரிகூடத் தூக்கம் இல்ல, தம்பி பொண்டாட்டி நேத்தே பெட்டிய மூடி வெச்சுட்டு யாரு கிட்டயும் சொல்லாம உக்காந்திருக்கா. நாளைக்குக் காலைலயே கிளம்பிடறோம், சரியா? நீ பல்லப் பாத்துக்கோ." டொக்.

டாக்டர் திரும்பினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நர்ஸின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது, டாக்டர் ரொம்பக் கண்டிப்பான குரலில், "பேஷன்ட் முன்னாடி என்ன சிரிப்பு" என்று சொல்லிவிட்டுத் தானும் உடைந்தார், அவளுக்கும் சிரிப்பு வந்தது, பஞ்சோடு, குழலோடு, பாதி முகத்தால், மறு பாதி அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, ஐயோ வியாழன் இருக்கிறது, வெள்ளி இருக்கிறது, சனி முழுசாக இருக்கிறது...

வாய் கொப்பளித்து, கண்ணாடியில் பார்த்து, படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு வலப்பக்கமாகவே நடந்து வந்தது. பதினோரு வருஷம். பதினோரு வருஷமாக இவள் இருங்க என்றிருக்கிறாள், அவர்கள் இருந்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு, எவ்வளவு பாசம், எவ்வளவு வீண்... முதலில் ஆரம்பித்தது யார்? நானா? போறோம் என்று அவர்கள் சொல்லும்போது இருங்க என்று வாயில் வருமே, அது அவர்களுக்காகத்தானா, இல்லை அதைச் சொல்கிறவளாக இருப்பதில் எனக்கே ஒரு ருசியா? கடைக்காரர் யாரோ வணக்கம் சொன்னார், பாதி வாயால் பதில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ரொம்பச் சந்தோஷம், ஆனால்... அப்பாடாவா? என் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு, அவ்வளவு நீளமாக, ஒரு அப்பாடாவா? அந்தக் கட்டிலுக்கு என்ன குறை? நல்ல கட்டில், பார்த்துப் பார்த்து வாங்கியது... வாங்கியதிலிருந்து ஒரு நாளாவது நான் அதில் படுத்திருக்கிறேனா?