கள்ளே பிராணம்

அம்மையார்குப்பத்துக் கஜபதி ஆர்.கே.பேட்டை சந்தையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எவனுக்கும் தறியில் கால் நிற்கவில்லை. வம்பு என்றால் நம் ஆட்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

விஷயம் இதுதான். எழுபத்தெட்டாம் வருஷம், தேசிய சுகாதாரத் திட்டம் என்று ஒன்று டெல்லியில் கிளம்பி, மெட்ராஸில் இளைப்பாறி, ஒருவழியாகத் திருத்தணிக்கும் வந்து சேர்ந்தது. வட்டாரத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். எந்த நோய்க்கு முகாம், எந்த ஊரில் முகாம் என்பதெல்லாம் தலைவர் சொல்படி. நெசவாளர் சங்கம் கஜபதியின் பேரைக் கொடுத்தது. கணீரென்ற குரல், கல்யாணமோ சாவோ முதல் ஆளாக நிற்கிற குணம், வேறென்ன வேண்டும்? ஆனால் பேர் கொடுத்தால் போதாதாம். ஊரைக் கூட்டி, ஆட்சேபணை கேட்டு, கை தூக்கச் சொல்லி, அப்புறம்தான் உறுதி செய்வேன் என்றார் சுகாதார அதிகாரி சாமிநாதன். புதிதாக வந்த திருநெல்வேலிக்காரர், பாவம், இந்த ஊரைப் பற்றித் தெரியாது. இங்கே போய் ஆட்சேபணை கேட்கலாமா?

முதல் ஆட்சேபணையைத் திருத்தணி ஜவுளிக்கடை சிங்காரம் கிளப்பினார். "அந்தக் காலத்துல அம்மை குத்த வந்தப்போ தறிக்குழிக்குள்ள பூந்து மேல பாயைப் போட்டுகினு ஒளிஞ்சவன் இவன். இவனா சுகாதாரத்துக்குத் தலைவரு?" அது உண்மைதான். காலை விட்டு மிதிக்கிற அந்தக் குழியில் ஒரு முழு ஆள் எப்படி அடங்கினான் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

இரண்டாவதுதான் பெரிய வெடி. சந்தையில் ஆதரவு கேட்டுப் பேசிய கஜபதி, தமிழில் நன்றாகத்தான் ஆரம்பித்தான். உணர்ச்சி ஏற ஏற வீட்டுப் பேச்சான தெலுங்குக்கு வழுக்கிவிட்டான். "நெசவாளிக்கு கள்ளே பிராணம்! கள்ளு போனா எல்லாமே போச்சு!" என்று முழங்கினான். தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். தமிழில் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த நேரம். சந்தையில் பாதிப் பேருக்கு இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் இவ்வளவு ருசியான அர்த்தம் கையில் கிடைத்திருக்கும்போது சரியான அர்த்தம் யாருக்கு வேண்டும்? சாயங்காலத்துக்குள் பொதட்டூர்பேட்டை வரை செய்தி போய்விட்டது. கஜபதி ஜெயித்தால் ஆஸ்பத்திரியிலேயே கள்ளு ஊற்றப் போகிறானாம்.

இத்தனை கூத்திலும் சிரிப்பு வராத ஒரே ஆள் அவன் பெண்டாட்டி சுலோச்சனா. கஜபதிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. எதிரே நிற்கிற ஆள் புகைமூட்டமாகத்தான் தெரிவான். அறுந்த இழையை அவள்தான் முடிவாள், நூல் நிறம் அவள்தான் சொல்வாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நூல் கொடுத்துத் துணி வாங்குகிற கண்ணையனுக்குத் தெரிந்தால், தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் வீட்டுக்கு வராது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் பாவா," என்று அவள் கெஞ்சாத நாளில்லை. அவன் முறைப்பையன், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்குப் பாவாதான்.

"போனா ஊருக்கே தெரிஞ்சுடும். நான் தலைவரானா கண்ணு முகாம் போடுவேன். ஜனங்க பயப்படுவாங்க. உங்களுக்குத் தைரியம் குடுக்க நானே மொதல்ல படுக்கறேன்னு சொல்லி மேஜையில ஏறிப் படுத்துடுவேன். எவனுக்கும் சந்தேகமே வராது. எப்பிடி?"

எப்படியோ! அந்த மூளையை வேறெதற்காவது செலவழித்திருக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் இந்தப் பதவி கிடைத்தால்தான் அவன் ஆபரேஷனுக்குப் படுப்பான், இல்லாவிட்டால் இப்படியே இருட்டிப் போவான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பார்த்த தாய்மார்களிடமெல்லாம் ஆதரவும் கேட்டாள்.

கூட்டம் திருத்தணி மலையடிவாரச் சத்திரத்தில். அன்று கிருத்திகை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுலோச்சனா கூட்டத்துக்குப் பயந்தவள்போல அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உண்மையில் பிடித்துக்கொண்டு நடந்தது அவன். பக்கத்து வீட்டு பங்காரு இதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி சுலோ, இந்த வயசுலயும் கையைக் கோத்துகினு! உனுக்குக் குடுத்து வெச்சிருக்கு போ," என்று கண்ணடித்தாள். சுலோச்சனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சத்திரத்தில் எள் விழ இடமில்லை. போதாக்குறைக்கு, அங்கேயே தங்கியிருந்த ஆந்திரப் பக்தர்கள் கூட்டம் ஒன்று மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. முன்வரிசையில் கண்ணையன். மேடையில் நோட்டோடு ஒரு குமாஸ்தா, அதிகாரி சாமிநாதன். அவருக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்று சுற்றுகிற ஒரு மின்விசிறி, அதன் தலையில் யாரோ காயப்போட்ட வெள்ளைத் துண்டு.

தறிக்குழி விவகாரம் முதலில் வந்தது. கஜபதி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னான்.

"ஒளிஞ்சது நெஜம். ஊசின்னா எனக்கு இப்பவும் குலை நடுங்குது. பயப்படறவன் எங்கெங்க ஒளிவான்னு பயந்தவனுக்குத்தானே தெரியும்? என்னைத் தலைவராக்குங்க, ஒருத்தன் பாக்கியில்லாம இழுத்தாந்து நிறுத்தறேன்!"

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். சுலோச்சனாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்தாச்சு என்றே நினைத்தாள். சிங்காரம் விடுவாரா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கள்ளு நமக்கு வேணாம்! கள்ளை அடியோட ஒழிக்கணும்! கள்ளு இல்லாத ஊரே நல்ல ஊரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

மொட்டைகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் பாதிதான் புரியும். அந்தப் பாதியில், இந்த ஆள் எல்லாருடைய கண்ணையும் பிடுங்க வேண்டும் என்கிறான்! "அய்யய்யோ! கள்ளு காவாலி!" என்று ஒரு பெரியவர் அலறினார். எங்களுக்குக் கண் வேண்டும் என்கிறார், பாவம். மற்ற மொட்டைகளும் சேர்ந்துகொண்டார்கள். "கள்ளு காவாலி! கள்ளு காவாலி!" இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் தரையில் விழுந்து புரண்டார்கள். மூக்கில் காப்பி ஏறிக் கண்ணையன் இருமினான். அதிகாரி முகம் வெளுத்துப்போனது. சாமி கும்பிட வந்தவர்கள் சந்தனத் தலையோடு கள்ளுக் கேட்டுக் கோஷம் போடுவதை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

"உட்காருங்க! எல்லாரும் உட்காருங்க! கஜபதி, நீங்க மேடைக்கு வந்து பதில் சொல்லுங்க," என்றார்.

சுலோச்சனா எழுந்தே விட்டாள். ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் அவள். நடுவில் மொட்டைகள். போய்க் கையைக் கொடுக்க வழியில்லை. கஜபதி எழுந்தான். ஒரு மொட்டையின் மடியில் காலை வைத்தான். மேடைப் படியில் தடுக்கி, சமாளித்து, நிமிர்ந்து, வெள்ளையாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "ஐயாவுக்கு வணக்கம்!" என்றான். மின்விசிறி துண்டோடு தலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "ஐயா கோவிச்சுக்கக் கூடாது," என்று அவனும் கூடவே திரும்பினான்.

சத்திரமே வெடித்தது.

"பாருங்க சார்! போட்டுகினே வந்துட்டான்!" என்று குதித்தார் சிங்காரம். "நகரிக்குப் போயிட்டு நேரா இங்க வந்துகினு கீறான்!" எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் கள்ளுக்கடை உண்டு.

அதிகாரி எழுந்து கஜபதியின் தோளைத் தொட்டார். "என்னய்யா, குடிச்சிருக்கீங்களா? உள்ளதைச் சொல்லுங்க."

கஜபதி குரல் வந்த பக்கம் திரும்பினான். அவன் மனசு ஓடுகிற ஓட்டம் சுலோச்சனாவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. குடிகாரன் என்றால் பதவிதான் போகும். குருடன் என்றால் தறியே போகும்.

"ஆங்," என்றான் கஜபதி. "கொஞ்சம் போட்டிருக்கேங்க."

அடப்பாவி! வெற்றிலைச் சுண்ணாம்புக்கே தலைசுற்றுகிற மனுஷன்! அவளுக்கு வந்த கோபத்தில் சத்தியமாவது ஒன்றாவது. மொட்டைகளைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"பொய்! சுத்தப் பொய்! இந்த ஆளு மோர் குடிச்சாலே தூங்கிப் போவாரு! கண்ணு தெரியல சார் அவருக்கு! ரெண்டு கண்ணுலயும் புரை! அவர் சொன்ன கள்ளு கண்ணு! தெலுங்குல கண்ணு! கண்ணு போனா எல்லாமே போச்சுன்னு தன் கதையைத்தான் சந்தையில சொல்லிக்கினாரு, நீங்க எல்லாம் பல்லைக் காட்டிச் சிரிச்சீங்க!"

கஜபதி தலை குனிந்து நின்றான். எல்லார் பார்வையும் முன்வரிசைக் கண்ணையன் மேல் போனது.

கண்ணையன் தொண்டையைக் கனைத்தான். "இன்னா கஜபதி, கண்ணு தெரியாமயா இம்மா நாளா எனக்கு நெய்துகினு இருந்த?"

எல்லாம் போன பிறகு மனுஷனுக்கு ஒரு தைரியம் வருமே, அது கஜபதிக்கு வந்தது. "தெரியாமதான் நெய்தேன். சுலோ அவங்க அக்கா பிரசவத்துக்குப் போனப்போ, நீலக் கட்டம் போடற எடத்துல கறுப்பு போட்டு ஒரு பாவு முழுக்க நெய்துட்டேன். அவ திரும்பி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ பிரிச்சுப் பார்த்து, நீலம் சும்மா மயில் கழுத்தாட்டம் கீதுன்னு தட்டிக் குடுத்தியே கண்ணையா!"

கண்ணையன் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். "நான்... அதைச் சிங்காரத்தாண்டதானே குடுத்தேன்," என்று முனகினான் கண்ணையன். "அவரும் நீலம் பிரமாதம்னுதான் வாங்கினாரு."

"மொத்தமும் வித்துப் போச்சே!" என்று சிங்காரம் பரிதாபமாகச் சொன்னார். "வாங்கினவன் ஒருத்தனும் கேக்கலையே!"

அப்புறம் யார் அடக்குவது? சத்திரம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்கிற நேரத்தில், மூலையிலிருந்து ஒருவர் மெதுவாக, "எனக்கும் சாயங்காலமானா ஒண்ணும் தெரியறதில்லீங்க," என்றார். "எனக்கு இடது கண்ணு," என்றார் இன்னொருத்தர். பங்காரு எழுந்து, "எங்கூட்டுக்காரரு போன வாரம் என்னை எங்கம்மான்னு நெனைச்சுக் கால்ல விழுந்தாரு சார்!" என்றாள். ஆளாளுக்குத் தன் ரகசியத்தை எடுத்துவிட்டார்கள். நூல் கொடுக்கிற கண்ணையனே மாட்டிக்கொண்ட பிறகு இனி யாருக்குப் பயம்?

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கள்ளுன்னா கண்ணா?" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "முதல் முகாம் கண் முகாம். தலைவரா கஜபதி இருக்கச் சம்மதமுள்ளவங்க கை தூக்குங்க. இந்த வட்டாரத்துக்காரங்க மட்டும்!" என்றார். கடைசி வார்த்தை, அதற்குள் கையைத் தூக்கிவிட்ட மொட்டைகளுக்காக.

சிங்காரம் கையைத் தூக்கிக்கொண்டே, "தறிக்குழியில ஒளிஞ்சான்றதை மட்டும் நான் வாபஸ் வாங்க மாட்டேன்," என்றார்.

கஜபதிக்கு எதிரே ஒரே வெண்புகை. ஜெயித்தானா தோற்றானா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டியின் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, மைக்குக்குள்ளேயே கேட்டான்.

"சுலோ, எத்தினி கைடி?"

அவள் பார்த்தாள். கண்ணையன் கை, பங்காரு கை, பேர் தெரியாத எத்தனையோ கைகள். எண்ணத்தான் ஆரம்பித்தாள். அதற்குள் கண்ணில் குபுகுபுவென்று நீர் கட்டி, அத்தனை கையும் ஒன்றாகக் கரைந்துபோனது.

"இரு பாவா," என்றாள். "எனக்கும் ஒண்ணும் தெரியல."

ஒலிபெருக்கி அதை மலையடிவாரம் முழுக்கச் சொன்னது. கை எண்ணிக்கொண்டிருந்த அதிகாரி திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"அந்த அம்மா பேரையும் முகாமுக்கு எழுதிக்கோப்பா," என்றார்.