குதிகால் கறை

தையல்காரரின் மகளுக்குப் பைக்கில் ஒழுங்காக உட்காரவே தெரியாது. கால் வைக்க என்று ஒரு கட்டை இருக்க, அதை விட்டுவிட்டு வலது காலைக் கொண்டுபோய்ச் சைலன்சர் குழாய் மேல்தான் வைப்பாள். "காலை எடுடி, செருப்பு உருகிடும்" என்று அவர் கத்தாத நாள் கிடையாது. அவள் காதில் வாங்கினால்தானே! சொன்னபடியே ஒரு நாள் உருகியது. குதிகால் அகலத்துக்குக் கறுப்பாக, செருப்பின் வரிகூட அழியாமல் குழாயில் ஒட்டிக்கொண்டது. அன்று அவர் குதித்த குதியில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். கோபம் தீர்ந்து மறுபடி ஏறியபோது, கால் அதே இடத்தில்.

போன மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பாவி மனுஷன், அதிலிருந்து தினமும் காலையில் அந்தக் கறையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்.

அப்புறம் ஒரு காற்றில், சுவரோரம் நின்ற பைக் சாய்ந்து விழுந்தது. குழாய் நெடுகக் கீறல். கீறலில் துரு பூத்தது. அது மெல்ல நகர்ந்து கறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விட்டால் அதையும் தின்றுவிடும்.

குழாய்க் கீறல் எடுப்பதில் பெயர்போனவர் ஒருவர் கடைவீதிக் கோடியில் பட்டறை வைத்திருந்தார். ஊரே அவரைப் பளபளா என்றுதான் கூப்பிடும். அவர் கை பட்ட குழாயில் முகம் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். தையல்காரர் காலையிலேயே பைக்கைக் கொண்டுபோய்க் கீறல்களைக் காட்டினார். பிறகு கறையைக் காட்டினார். 'இது என் பொண்ணு கால் வைத்தது, இதை மட்டும் தொடாதீர்கள்' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். 'என் பொண்ணு' என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. சுற்றி நாலு பேர் வேறு நின்றார்கள்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

"கவலையை விடுங்க. நான் பாத்துக்கறேன்."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி கறையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். பாத்துக்கோங்க என்று சொல்லியிருப்பதாக அவர் சொன்னார். சோற்றுக் கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"உங்ககிட்ட ஒருத்தர் வந்து கிழிசலைக் காட்டி, பாத்துக்கோங்கன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

என்ன செய்வார்? கிழிந்த இடமே தெரியாமல் தைத்துக் கொடுப்பார்.

சாப்பிட்ட கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடினார்.

பளபளா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். கீறல் எல்லாம் ஒரு வேலையே இல்லையாம், இந்தக் கறைதான் அவரைப் படுத்தி எடுத்துவிட்டதாம். இன்ஜினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கி, ரப்பர் இளகியதும் மரத்துண்டால் பதமாகச் சுரண்டி, மிச்சத்தைக் கம்பிப் பஞ்சால் தேய்த்து எடுத்தாராம். நீங்கள் தனியாகக் காட்டிச் சொன்னதால் வேறு யார் கையிலும் கொடுக்காமல் நானே உட்கார்ந்து செய்தேன் என்றார். குழாய் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

கோபப்படலாம் என்றால் யார் மேல் கோபப்படுவது? அந்த மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. தையல்காரர் குனிந்து பைக்குக்குக் கீழே தரையில் தேடினார்.

"சுரண்டினது எங்கங்க?"

"அதெல்லாம் அப்பவே கூட்டித் தள்ளியாச்சு" என்றார் பளபளா, கேள்வி புரியாமல். பிறகு துணியால் குழாயை இன்னொரு தரம் துடைத்துவிட்டு, "பின்னாடி உட்கார்றவங்ககிட்ட சொல்லி வைங்க, இனிமே இங்க காலை வைக்க வேணாம்னு" என்றார்.

"வைக்க மாட்டா."

பளபளா சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நாளைக்கே வச்சுட்டு வந்து நிப்பாங்க, பாருங்க."

தையல்காரர் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே குழாயைப் பார்த்தபடி நின்றார்.

"வச்சா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்றார்.