எடுக்க வராத துணிகள்

மாமா முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து அம்மாவைத் தூக்கினார். கால்மாட்டில் நின்ற அவள் நனைந்த விரிப்பை உருவிவிட்டுப் புதியதை உதறினாள். மாடியில் வீடு, கீழே மாமாவின் சலவைக்கடை. ஹோட்டல் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடத்தில் விரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

"தலையைப் பிடின்னா காலைப் பிடிக்கிற," என்றார் மாமா. "கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். அப்படியே உங்கப்பன்."

"இதுல அப்பா எதுக்கு வர்றாரு?"

"அவன்தான் எதுக்குமே வர்றதில்லையே."

அம்மாவைக் கிடத்தினார்கள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் வறண்டு பிளந்திருந்தன. வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு அத்தையை வாசலுக்கு அழைத்து, "இன்னைக்குத் தாண்டாது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றாள். வாசலுக்கு அழைத்தாளே தவிர, குரலைத் தாழ்த்தவில்லை.

கட்டிலருகே நின்று இதைக் கேட்ட அவள், சொல்ல வேண்டியவருக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்கு மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவர், அப்பாவை வேறொரு ஊரில், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பார்த்ததாகச் சொன்னார். மாமாவுக்குத் தெரியாமல் அவரிடம் கெஞ்சினாள். நேற்று அவரிடமிருந்து போன் வந்தது. "சொல்லிட்டேம்மா. பார்க்கிறேன்னார்."

பார்க்கிறேன் என்றால் வருகிறேன் என்றுதான் அர்த்தம் என்று முடிவு செய்துகொண்டாள். அம்மாவின் காதருகே குனிந்து, "அப்பா வர்றாரும்மா," என்றாள். அம்மா கண்ணைத் திறந்து, கையைத் தூக்கித் தன் தலைமுடியைத் தொட்டாள். சீவிவிடச் சொல்கிறாள் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

அப்பாவும் இந்தக் கடையில்தான் வேலை செய்தார். இஸ்திரி போடுவதும், துணிகளை வேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதும் அவர் பொறுப்பு. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் துணி கொடுக்கப் போனவர் திரும்பவில்லை. வேன் மட்டும் பஸ் நிலையத்துக்கு வெளியே, கோட்டுக்குள் ஒழுங்காக நின்றிருந்தது. இதை மாமா சொல்லாத விருந்தாளி கிடையாது. "வண்டியை ஒழுங்கா ஓரமா நிறுத்தினான். பொண்டாட்டி பிள்ளையைத்தான் நடுரோட்டுல நிறுத்திட்டான்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தபடியே அம்மாவும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அவள் மட்டும் பாய்வாள். "நீங்க பேசின பேச்சுலதான் போனாரு." அப்படிப் பாய்ந்ததில் மாமா அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தார். கட்சிக்காரன் ஓடிப்போன வக்கீல்.

மாமா சொன்னவற்றில் அவளால் மறக்க முடியாதது வேறொன்று. கடையின் பின்சுவரில் நீளமாக ஒரு கம்பி உண்டு. வெளுக்கப் போட்டுவிட்டு எடுக்க வராதவர்களின் துணிகள் பிளாஸ்டிக் உறைக்குள் அதில் தொங்கும். ஒரு வருடம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மாமாவின் சட்டைகள், அத்தையின் ஸ்வெட்டர், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு எல்லாமே அந்தக் கம்பியிலிருந்து வந்தவைதான். ஒருநாள் சாப்பிடும்போது மாமா சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கம்பியில தொங்குறதுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? போட்டுட்டுப் போனவன் எடுக்க வரல. துணின்னாலாவது யாருக்காவது பொருந்தும்."

அன்று அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அம்மா எழவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

வெயில் ஏறியது. தெருவில் ஏதாவது வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் அவள் ஜன்னலுக்குப் போனாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது அத்தை, "யாரைத் தேடுற? உங்க துரை ஹெலிகாப்டர்ல வர்றாராமா?" என்றாள்.

"பஸ்லதான் வருவாரு."

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா ஒன்றும் கேட்கவில்லை. "வக்கீலுக்கு இன்னும் வாய்தா முடியல," என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அம்மாவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. மாமா ஓடிப்போய் நிமிர்த்திப் பிடித்தார். கருப்பாகக் கொஞ்சம், பிறகு நிறைய. எல்லாம் மாமாவின் நெஞ்சிலேயே விழுந்தது. அம்மாவைத் துடைத்துப் படுக்க வைத்த பிறகுதான் அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"கீழ போய்க் கம்பியில எதையாவது எடுத்து மாட்டிக்கிட்டு வாங்க," என்றாள் அத்தை.

திரும்பி வந்தபோது மாமா காப்பி நிறத்தில் கட்டம்போட்ட ஒரு சட்டை போட்டிருந்தார். வயிற்றுப் பக்கம் பித்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன.

அவளுக்கு அந்தச் சட்டையைத் தெரியும். கம்பியின் கடைக்கோடியில், யாரும் புரட்டாத இடத்தில் அது தொங்கும். மாதத்துக்கு ஒருமுறை அம்மா அதை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, புது உறையில் நுழைத்து அதே இடத்தில் மாட்டுவாள். ஒருமுறை அவள் பார்த்துவிட்டபோது, "மாமாகிட்ட சொல்லிடாத," என்றாள் அம்மா. அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

"அந்தச் சட்டையைக் கழட்டுங்க."

"என்ன?"

"கழட்டுங்க. அது அப்பாவோடது."

மாமா தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். "அவனோடதா? கம்பியிலதானே கிடந்துச்சு. மடிப்புக் கலையாம இருக்கேன்னு எடுத்தேன்." மேல் பித்தானைக் கழற்றினார். "எனக்கு மட்டும் ஆசையா என்ன? அவன் சட்டையைப் போட்டா அவன் புத்தி வந்துடப் போகுது."

"வந்துட்டீங்களா?"

அம்மாவின் குரல். கண்கள் திறந்திருந்தன. அவை மாமாவின் முகத்துக்கு வரவில்லை. சட்டையிலேயே நின்றன.

கீழே பெரிய இயந்திரம் சுற்றி ஓயும் சத்தம் கேட்டது. மாமாவின் விரல்கள் அடுத்த பித்தானில் இருந்தன. அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு கழற்றிய பித்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ம்," என்றார். "வந்துட்டேன்."

மாமாவிடம் இப்படியொரு குரல் இருப்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அம்மாவின் கை தேடிப் போய்ச் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடிப்பை நீவிப் பார்த்தன, இஸ்திரி சரியாக விழுந்திருக்கிறதா என்பதுபோல.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அண்ணன் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. அதுக்கு வாய் அப்படி."

கதவருகே நின்ற அத்தை துண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல," என்றார் மாமா. "ஒன்னும் வச்சுக்கல."

"இனிமே இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

அம்மாவின் நெற்றி தளர்ந்தது. எத்தனையோ நாளாகக் கூடியே இருந்த புருவங்கள் பிரிந்தன. அத்தனை வலியிலும் வெட்கப்பட்டதுபோல் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டாள்.

கால்மாட்டில் நின்ற அவள் பார்த்தது வேறு. தன் வாயால் விரட்டிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த ஆளின் வாயாலேயே மாமா தன்னை மன்னித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கென்று வைத்திருந்த பேச்செல்லாம் இங்கே செலவாகிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் இறங்கி இந்நேரம் நடந்து வந்துகொண்டிருக்கலாம் அவர். இப்போது படியேறி வந்து நின்றால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். நேற்று சொன்ன அதே காதருகே குனிந்தாள்.

"அம்மா. அது மாமா."

"ஏய்," என்றாள் அத்தை.

"மாமாம்மா. அப்பாவோட சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு." காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்பா இல்ல. அப்பா வரல."

அம்மா முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். அவளை நன்றாகப் பார்த்தாள்.

"வரலியா?"

கடைக்கு யாரோ வரவில்லை என்று சொன்னால் கேட்பதுபோல்தான் கேட்டாள். சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் விட்டன. கை விரிப்பின் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. உடனே சாகவும் இல்லை. மூச்சு நின்று நின்று இழுத்துக்கொண்டிருந்தது. புருவங்கள் மறுபடி கூடிக்கொண்டன.

"நீயெல்லாம் ஒரு பொண்ணாடி?" என்றாள் அத்தை. "வாய்க்கு வந்த சோத்தைத் தட்டிவிட்ட மாதிரி."

"விடு," என்றார் மாமா.

"என்ன விடு? சாகப் போறவகிட்ட..."

"விடுன்னு சொல்றேன்ல."

மாமா எழுந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றவும் இல்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். அது பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. சாயங்கால மூட்டைகளை ஏற்ற ஆட்கள் கீழே வந்து குரல் கொடுத்தபோது மாமா ஜன்னல் வழியாக, "விரிப்பு தனி, துண்டு தனி," என்று கத்திச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அடுத்த மூச்சு வரவில்லை.

அத்தை அழத் தொடங்கினாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டிரைவர் உடனே எடுத்தார்.

"அப்பா கிளம்பிட்டாரா அண்ணே? எங்க வந்துக்கிட்டிருக்காரு?"

"இல்லையேம்மா. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். டூட்டியில இருக்காரு. என் வண்டிக்கு மூட்டை ஏத்திவிட்டாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் மறுபடியும் கேட்டேம்மா. பார்ப்போம்னார். அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

வெளியே வந்தபோது ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் முதலில் வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசுச்சா?" என்று கேட்டார்.

அத்தை அவளைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"புருஷன் வந்துட்டதா நினைச்சுக்கிட்டா. நிம்மதியாத்தான் போனா."

"அந்தாளு வரலியா?" தையல்காரர் உச்சுக்கொட்டினார். "இதுக்குக்கூடவா? என்ன ஜென்மமோ போங்க."

அவள் நிமிர்ந்தாள். வேனை நிறுத்திய கதை இப்போது வரும். வரட்டும். அதற்கான பதில் அவளிடம் எப்போதும் தயாராக இருந்தது, இன்றைக்கு இன்னும் கூடுதலாகவே இருந்தது.

"அந்த நாற்காலியை இப்படித் தள்ளிப் போடுங்க," என்றார் மாமா. "கால் வலிக்க நிக்கிறீங்க."

அடுத்து வந்த பெண்ணும் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். இப்படியும் ஒரு மனிதன் உண்டா என்றாள். மாமா ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார். சமையலறையில் அவர் தண்ணீர் குடிக்க வந்தபோது அவள் வழியை மறித்து நின்றாள்.

"சொல்லுங்களேன்," என்றாள். "எல்லாரும் கேட்கிறாங்கல்ல. வண்டியை ஒழுங்கா நிறுத்தினான்னு சொல்லுங்களேன்."

மாமா தம்ளரைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"காலையிலேருந்து நீ ஒன்னும் குடிக்கல."

"எனக்கு வேண்டாம். திட்டுங்க."

"குடி," என்றார். அவள் வாங்கவில்லை. தம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, அவள் மேல் படாமல் ஒருக்களித்து வெளியே போனார். அவர் வயிற்றருகே ஒரு பித்தான் போயிருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே அமரர் ஊர்தி வந்துவிட்டது. வண்டிக்காரர் அவசரத்தில் இருந்தார். இதை முடித்துவிட்டு அவருக்கு வேறு இரண்டு இடம் போகவேண்டும். அம்மாவை இறக்கிக்கொண்டு வந்து உள்ளே ஏற்றியதும் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்பா அந்தப் பக்கம் உட்காரட்டும். பொண்ணு இந்தப் பக்கம்," என்றார். "ஸ்ட்ரெச்சர் கொக்கி சரியில்ல. திருப்பத்துல நகரும், ஒரு கை வச்சுக்குங்க."

தையல்காரர் தரையைப் பார்த்தார். அத்தை அவளைப் பார்த்தாள். மாமாவும், ஒரு காலை வண்டியின் படியில் வைத்தபடி, திரும்பி அவளைத்தான் பார்த்தார். அவள் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

"ஏறும்மா," என்றார் வண்டிக்காரர். "அப்பாவுக்கும் வழியை விடு."

அவள் ஏறிப் போய், அவர் காட்டிய பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா ஏறி எதிரே உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது.

வண்டி தெருமுனையில் திரும்பியது. ஸ்ட்ரெச்சர் அவள் பக்கமாக நகர்ந்து வந்து முழங்காலில் இடித்தது. மாமா கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் தள்ளவில்லை. இரும்பு முழங்காலில் அழுந்தியிருக்க, அடுத்த திருப்பம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.