நமக்கு உடம்பு சரியில்லை

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்று மனைவி கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தலைவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தால்கூட அவர் இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்.

"போனா? உனக்கு எதுக்கு?"

"ஆஸ்பத்திரில டோக்கனெல்லாம் இப்ப போன்லதான் தர்றாங்களாம். நேர்ல போனா திருப்பி அனுப்பிடறாங்க. போன வாரம் போய் நின்னுட்டு வந்தேன்."

"யாரைக் கேட்டுப் போன?"

 நின்றுபோக வேண்டிய வயதில் அவளுக்கு மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தையல் மெஷினை மிதிக்க உட்கார்ந்தால் கண் இருட்டியது. அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தாள். சொன்னபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவின் வழியில் போக அவளுக்கு விருப்பமில்லை. அதனால்தான் வாய் திறந்தாள்.

"பொம்பளை கையில போன் போனா வீடு உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அது அந்தத் தெருவின் சட்டம். எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்திருந்தால் யாராவது ஒருத்தி மீறியிருப்பாள்.

தலைவர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர், அவ்வளவுதான். பிழைப்பு பெயிண்ட் கடை. சாக்கடை அடைப்புக்கு மனுக் கொடுப்பதும், கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்வதும் பதவியின் கடமைகள். மைக் கையில் கிடைத்தால் பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி, கேட்பவர்கள் கொட்டாவி விடும்வரை பேசுவார். உபதேசம் ஊருக்குத்தான் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பதவி வந்ததிலிருந்து 'நான்' என்ற சொல் அவர் வாயை விட்டுப் போய்விட்டது. "நமக்கு ஒரு டீ சொல்லு", "நமக்கு நேரமில்லப்பா" என்றுதான் பேச்சு. டீ ஒன்றுதான் வரும். குடிப்பவரும் ஒருவர்தான்.

இந்த நிலையில்தான் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஏழை எளியவர்களுக்குக் கைப்பேசி வழியாக மருத்துவம் போய்ச் சேர்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் உலகத்தைத் திருத்தப் போகிற களை. நல்ல பையன்தான். நாற்காலி போட்டவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போகும் வகை.

"வீட்டுல ஸ்மார்ட்போன் இருக்குங்களா சார்?"

"இருக்கு."

"வீட்டுல இருக்கிற பெண்கள் அதைப் பயன்படுத்தலாமா?"

"தாராளமா. நம்ம வீட்டுல ஆணும் பெண்ணும் சமம் தம்பி."

ஆய்வாளர் மகிழ்ச்சியோடு 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டார். தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றிருந்த அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்த டோக்கன் எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்றாள்.

வெளியாள் முன்னால் கேட்டுவிட்டாள். சமம் என்று சொன்ன வாய் இனி முடியாது என்று சொல்ல முடியாது. தலைவர் பெருந்தன்மையோடு கைப்பேசியை நீட்டினார். ஆனால் ஆய்வாளர் "அம்மா பேரு?" என்று கேட்டதும் குறுக்கே விழுந்தார்.

"பொம்பளை பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஊர் சுத்த வேண்டாம். போன் நம்மளுது. நம்ம பேரையே போடுங்க."

"நோயாளி பேரு சார்..."

"குடும்பத்துக்கு ஒரு பேரு போதாதா?"

ஆய்வாளர் யோசித்தார். பதிவானால் ஒரு கணக்கு, பதிவாகாவிட்டால் ஒரு வீடு குறைவு. தலைவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, 'ஆண்' எல்லாம் ஏறின. தலைவருக்குச் சிறு எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாகத் தெரு நினைத்துக்கொள்ளும் என்று போடுவதுமில்லை. அதனால், வருகிற செய்தியையும் அழைப்பவர் பெயரையும் போனே உரக்கச் சொல்லும்படி ஆய்வாளர் அமைத்துக் கொடுத்தார். அவர் அந்த வீட்டுக்குச் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்.

மறுநாள் திரையில் டாக்டரம்மா வந்தாள். தலைவர் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்தார். நோயாளி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். மாற்றான் கண்ணில் வீட்டுப் பெண் படக்கூடாதாம். டாக்டரும் பெண்தான் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது?

"சொல்லுங்க, என்ன செய்யுது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். மாதவிலக்கு என்ற சொல்லை உச்சரித்தால் நாக்கு அழுகிவிடும் என்பதுபோல விழுங்கினார். "நமக்குக் கொஞ்ச நாளாவே அடிவயிறு சரியில்லம்மா" என்றார்.

'நமக்கு' என்று தம் வீட்டுக்காரியைத்தான் கௌரவமாகச் சொன்னதாக அவர் நினைப்பு. பெரிய மனுஷன் தன்னைத்தான் சொல்கிறான் என்று டாக்டரம்மா நினைத்ததில் தப்பில்லை. எதிரே தொப்பையும் தெரிந்தது.

"மசாலா ஜாஸ்தி சாப்பிடறீங்களா?"

"நாக்கு கேக்குதேம்மா."

வாயு மாத்திரை எழுதி வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து "ரத்தம் போறதைச் சொல்லுங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். தலைவர் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி அவளை அடக்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அவள் வாயு மாத்திரையை விழுங்கினாள். ரத்தம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆய்வாளர் திரும்ப வந்து, சிகிச்சை கிடைத்ததா, திருப்தியா என்று கேட்டார். கிடைத்தது, ரொம்பத் திருப்தி என்று தலைவர் சொன்னார். மெஷினில் சாய்ந்து வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தவள், "தம்பி, என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

"பதிவு பண்ணவங்களைத்தாம்மா கேக்கணும். உங்க பேரு இதுல இல்லீங்களே" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்புறம் ஒரு காலையில் தலைவர் குளிக்கப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய சட்டைப்பையிலிருந்து, மருத்துவ உதவி மையம் அழைப்பதாகப் போன் கத்தியது. அவள் பாத்ரூம் கதவைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. போனை எடுத்துப் பச்சை வட்டத்தைத் தேய்த்தாள். அவர் தேய்ப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்.

"சார் இருக்காங்களா? அவருக்கு வயிறு இப்ப எப்படி இருக்கு?" அதே டாக்டரம்மா.

"அவருக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"நமக்கு அடிவயிறு சரியில்லன்னு சொன்னாரே."

"அது நான்தாங்க."

 அவள் பாத்ரூம் கதவைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை துணி நனைகிறது, கட்டியாக வருகிறது, அக்கா எப்படிப் போனாள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே பயம் வந்தது.

"முதல்லயே ஏம்மா சொல்லல?" என்று டாக்டரம்மா கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது போலும், குரல் இறங்கியது. "இது தள்ளிப்போடற விஷயம் இல்ல. உங்க பேருல புதுசா பதிஞ்சா வரிசைல கடைசிக்குப் போயிடுவீங்க. பேரை மாத்தறது ஆஸ்பத்திரில நேர்லதான், அதுக்கும் இந்த போனுக்குத்தான் ஓடிபி வரும். இப்போதைக்கு இதுலயே ஸ்கேனுக்குப் போட்டுடறேன். நீங்க வந்துடுங்க."

சாயங்காலம் சங்கக் கூட்டம். தெருவிளக்கு பற்றித் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த போன் குறுக்கிட்டது. அவருடைய பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்துத் தெளிவாகச் சொல்லி, "உங்கள் கருப்பை ஸ்கேன் வியாழக்கிழமை பிற்பகலுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது. கடைசி மாதவிலக்குத் தேதியை நினைவில் வைத்து வரவும்" என்று அறிவித்தது.

 சங்கச் செயலாளர்தான் முதலில் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலைவருக்கு எத்தனையாவது மாசம்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். தெருவே சிரித்தது. யாருடைய கருப்பை அது, அதற்கு என்ன நோவு என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தலைவர் வீட்டுக்குள் வந்து செருப்பை உதறிய வேகத்தில் அது மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது.

"என் மானத்தை வாங்கிட்டியேடி."

அவமானத்தில் 'நம்ம' மறந்துவிட்டது.

"ரத்தம் போறது எனக்கு. மானம் போறது உங்களுக்கா?" என்றாள் அவள்.

"வியாழக்கிழமை நீ படியைத் தாண்டினா பாரு. நாளைக்கே அந்தப் பையனை வரச்சொல்லி இந்த இழவைக் கேன்சல் பண்றேன்."

கேன்சல் பண்ண ஆய்வாளர் கிடைக்கவில்லை. ஆய்வு முடிந்துவிட்டது. அவர் முடிவுகளை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தலைவருக்கோ எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை, தெரு ஆட்களிடம் கேட்கவும் முகமில்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

வியாழக்கிழமையும் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, குறட்டை விட்டார். அவள் மெஷின்மேல் துணியைப் போர்த்தினாள். தலையணைக்கு அடியில் கைவிட்டாள். குறட்டை ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. அவள் படியைத் தாண்டினாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் சுவரில் புதுச் சுவரொட்டி ஒன்று பளபளத்தது. ஆய்வின் முடிவுகள். இந்தப் பகுதியில் கைப்பேசி மருத்துவத்தை ஆர்வத்தோடு நாடுபவர்கள் ஆண்களே என்றும், பெண்களுக்கு மருத்துவத் தேவை குறைவாகவே காணப்படுகிறது என்றும் வண்ண வண்ணக் கட்டங்களில் போட்டிருந்தது. ஓர் ஓரத்தில் ஆய்வாளர் பரிசு வாங்கும் படமும் இருந்தது. கீழே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்டதெல்லாம் ஆண் பெயர். எழுந்ததெல்லாம் பெண்கள். நடுவில் சங்கச் செயலாளரின் பெயரும் வந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி எழுந்தாள். தலைவர் வீட்டுக்காரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"போ, நம்ம தெருதான் எல்லாம்" என்றாள் இவள்.

அடுத்துத் தலைவரின் பெயர். "ஆண்" என்று நர்ஸ் வாசித்துவிட்டு, அலுத்துப்போன கண்ணோடு பெஞ்சைப் பார்த்தாள். "உடம்பு யாருக்கு?"

"நமக்குத்தான் சிஸ்டர்."

"வாங்க சார், உள்ள வாங்க."

அவள் எழுந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. மேஜைக்குப் போய் நின்றாள்.

"முதல்ல பேரை மாத்துங்க."

"அதுக்கு உங்க வீட்டுக்காரர் போனுக்கு ஓடிபி வருமேம்மா. அவர் வரணுமே."

அவள் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நர்ஸ் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். போன் அந்த எண்ணை ஒவ்வொன்றாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

"சரி. பேரு சொல்லுங்க."

அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் கூப்பிடாமல் கிடந்த பெயர். தன் குரலிலேயே அதைக் கேட்க அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. நர்ஸ் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீழ 'ஆண்'னு இருக்கே, அதையும் அடிங்க" என்றாள்.

அப்போது போன் மறுபடியும் அலறியது. சங்கச் செயலாளர் அழைப்பதாகச் சொன்னது. தூக்கம் கலைந்த தலைவர் பக்கத்து வீட்டுச் செயலாளரின் போனிலிருந்து தம் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அடிக்குது பாருங்க. உங்களுக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நமக்கு இல்ல சிஸ்டர்" என்று சொல்லி, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள்.