இருபதா, இருபத்தைந்தா

வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருந்த குருசாமிக்கு உலகத்தில் எதையும் இருபதால்தான் அளக்கத் தெரியும். நூறு கிலோ பச்சைக்காயை டிரையரில் போட்டால் இருபது கிலோ காய்ந்த காய் வரும். அதற்குக் குறைந்தால் காய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், கூடினால் காய் சரியாகக் காயவில்லை என்று ஏலத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே இருபது என்பது அவருக்கு ஒரு நல்ல எண். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட "இருபது பர்சென்ட் கம்மி சுருளி" என்பார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று சீசன் ஆகிறது. மனைவி சுருளியம்மாள் இப்போதும் உப்பு போடும்போது ஒரு கணம் கையை நிறுத்துகிறாள்.

மகள் யோகப்பிரியா பி.காம் முடித்து, அங்கேயே ஒரு ஏலக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சம்பளம் இருபதாயிரம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்தபோது குருசாமி ஒரு சட்டம் போட்டார்.

"ஒரே தட்டுல ரெண்டு பதத்துக் காயைப் போட்டா என்ன ஆகும்? ஒண்ணு கருகும், ஒண்ணு பச்சையா நிக்கும். புருசன் பொண்டாட்டியும் அப்படித்தான். படிப்பு முன்னப்பின்ன இருக்கட்டும். சம்பளத்துல இருபது பர்சென்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. யாரு கூட வாங்குனாலும் சரி."

சுருளியம்மாளுக்கு இதில் ஒரு சந்தோஷமும் ஒரு பயமும் இருந்தது. பெண் கூட வாங்கலாம் என்று சொல்கிற மனிதர் அந்த மலையில் அதிகம் இல்லை, அது சந்தோஷம். பயம் வேறு. யோகப்பிரியா ஏற்கெனவே ஒருவனை மனத்தில் வைத்திருந்தாள். அது தாய்க்கு மட்டும் தெரியும். பாண்டீஸ்வரன், ஐடிஐ படித்த எலெக்ட்ரீசியன். ஊரில் உள்ள டிரையர்களுக்கெல்லாம் மோட்டார் கட்டிக்கொடுக்கும் கடையில் வேலை. சம்பளம் பதினாறாயிரம். இந்த வித்தியாசம் சட்டத்துக்குள் அடங்குமா அடங்காதா என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை, மகளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டீஸ்வரனே ஸ்டோருக்கு வந்துவிட்டான். காய் எடுப்பு நடக்கிற சமயம். வாசலில் பச்சைக்காய் மூட்டைகளோடு ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டு வந்தவன், பழக்க தோஷத்தில் நேராக டிரையர் மோட்டாரிடம் போய்க் காதை வைத்துக் கேட்டான்.

"மோட்டாரு நல்லாத்தான இருக்கு, உன்னை யாரு வரச் சொன்னா?" என்றார் குருசாமி.

"இல்லண்ணே, யோகப்பிரியாவைப் பத்திப் பேசலாம்னு..."

"அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே பொண்ணு கேக்குற ஆளை இன்னைக்குத்தான்டா பாக்குறேன்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் "மாமா" என்று சொல்லிப் பார்த்தான். முதல் தடவை மறுபடியும் "அண்ணே" என்றே வந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அந்த நேரம் பார்த்து வீரணனும் அங்கே இருந்தான். வீரணன் சுருளியம்மாளின் தம்பி, கம்பத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவன் கையில் வேறொரு வரன் இருந்தது. எம்.பி.ஏ படித்த பையன், தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் முப்பத்திரண்டாயிரம் சம்பளம். வீரணன் செல்போனை எடுத்தான்.

"மச்சான், உங்க சட்டப்படியே பாப்போம். இவன் பதினாறு, நம்ம பிள்ளை இருபது. நாலாயிரம் வித்தியாசம். நாலைப் பதினாறால வகுத்தா..." திரையைத் திருப்பிக் காட்டினான். "இருபத்தஞ்சு பர்சென்ட். முடிஞ்சு போச்சு."

காத்திருந்தவர்களுக்கு டீ கொண்டுவந்த சுருளியம்மாள் கையில் இருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மூட்டையின் மேல் வைத்தாள்.

ஸ்டோரை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து யோகப்பிரியா வந்தாள். ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"மாமா, அதை ஏன் பதினாறால வகுக்குறீங்க? இருபதால வகுங்க. நாலாயிரம், இருபதாயிரத்துல அஞ்சுல ஒண்ணு. இருபது பர்சென்ட்."

"அதெப்படி? சின்னதுல இருந்துதான் பெருசுக்குப் போகணும். சம்பளம் கூடுனா அப்படித்தான போடுறாங்க?"

"அது ஒரே ஆளுக்குக் கூடும்போது மாமா. முன்னாடி வாங்குனதை வச்சு வகுப்போம். இங்க ரெண்டு ஆளு. இவரைவிட நான் எவ்வளவு கூடன்னு கேட்டா இருபத்தஞ்சு. என்னைவிட இவரு எவ்வளவு கம்மின்னு கேட்டா இருபது. ரெண்டும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா அது என்ன கணக்கு? டிகிரி படிச்சுட்டு என்னையே குழப்புற."

குருசாமி தாடையைச் சொறிந்தார். சட்டம் போட்டபோது எதை வைத்து வகுப்பது என்று அவர் யோசித்திருக்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பாண்டீஸ்வரன் மட்டும் மோட்டாரைப் பார்த்தான்.

அப்போது மூட்டை மேல் உட்கார்ந்திருந்த டிஜோ என்கிற மலையாளிச் சிறு விவசாயி வாயைத் திறந்தான். அவனுக்குத் தன் காய் சீக்கிரம் டிரையருக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

"குருசாமியண்ணா, இவிடே எப்பவும் பச்சையை வச்சுத்தானே கணக்கு? போன வாரம் என் நூறு கிலோ இருபதாச்சு. எண்பது சதமானம் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. இந்த ஏஜெண்டு சொல்ற மாதிரி சின்னதை வச்சு வகுத்தா, என் காய் நானூறு சதமானம் போச்சுன்னு வருமே. நூறு கொண்டு வந்த நான், நானூறு எங்க போச்சுன்னு கேக்கணுமா?"

மற்ற மூட்டைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்யாணப் பேச்சில் அதுவரை இல்லாத அக்கறை அவர்களுக்கு வந்துவிட்டது. "நானூறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

குருசாமி சட்டென்று கையை உயர்த்தினார். "யாரும் எந்திரிக்க வேணாம். இந்த ஸ்டோருல என்னைக்கும் பெருசை வச்சுத்தான் வகுக்குறது. எங்கப்பா காலத்துல இருந்து அதான். காய்க்கு ஒரு கணக்கு, பொண்ணுக்கு ஒரு கணக்குன்னு ரெண்டு வச்சிருந்தா நாளைக்கு எவனும் என் தராசை நம்ப மாட்டான்."

"அப்ப இருபது" என்றாள் யோகப்பிரியா.

"இருபதுதான். ஆனா அது நான் போட்ட கோடு மேலயே நிக்குதே ஆத்தா."

சுருளியம்மாள் அப்போதுதான் பேசினாள். "இருபதுக்கு மேல கூடாதுன்னுதான சொன்னீங்க. இருபது கூடாதுன்னு எப்பச் சொன்னீங்க?"

குருசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். இவளும் கூட்டா என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் டீ டம்ளரைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

வீரணன் விடவில்லை. "அப்ப நான் கொண்டாந்த எம்.பி.ஏ வரன்?"

"அவரு முப்பத்திரண்டு, நான் இருபது" என்றாள் யோகப்பிரியா. "அப்பா கணக்குல முப்பத்தேழரை. உங்க கணக்குல அறுபது மாமா. எந்தத் தட்டுல போட்டாலும் நான்தான் கருகணும்."

"படிக்க வச்சதுக்கு இது வேணும்" என்று வீரணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஆனால் அவனும் சிரித்துவிட்டான்.

கார்த்திகையில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின வாரம் யோகப்பிரியா வேலை முடிந்து வந்தவள் தாயை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். தபால் வழியில் எம்.காம் எழுதியிருந்தாள், பாஸாகிவிட்டது. கம்பெனியில் அதற்காகச் சம்பளத்தைப் பத்து பர்சென்ட் கூட்டிவிட்டார்கள்.

"நல்லதுதானடி?"

"என்னம்மா நல்லது? இருபத்திரண்டு ஆயிருச்சு. அவருக்குப் பதினாறுதான். அப்பா மாதிரி வகுத்தாலும் இருபத்தேழு வருது. கார்த்திகை முடியுற வரைக்கும் சொல்லாத."

சம்பளம் கூடியதற்கு அழுகிற பெண்ணைச் சுருளியம்மாள் அன்றுதான் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். ஆனால் இரண்டு பேர் வாயை மூடினால் போதாது, மகள் பாண்டீஸ்வரனிடமும் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் மோட்டாருக்கு பெல்ட் மாற்ற வந்த பாண்டீஸ்வரன், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சுருளியம்மாள் ஸ்டோருக்குள் நுழையும்போது அவன் கடைசி வரியில் இருந்தான்.

"மறைச்சு வச்சுப் பொண்ணு எடுத்தேன்னு வரக் கூடாது மாமா. இப்ப இருபத்தேழேகால் வருது. நானே போட்டுப் பாத்துட்டேன்."

குருசாமி தட்டிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே விதைகள் கலகலவென்றன. அவர் முகத்தைப் பார்த்துச் சுருளியம்மாளுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"ஏம்ப்பா" என்றார் கடைசியில். "காயைத் தராசுல ஏத்தி, எடை போட்டு, பில்லும் போட்டாச்சு. அதுக்கப்புறம் மழைக்காத்துல மூட்டை ஈரம் குடிச்சு ரெண்டு கிலோ கூடிருச்சுன்னு வையி. அது யாரு கணக்கு?"

"வாங்குனவன் கணக்கு."

"வித்தவன் வந்து திருப்பிக் கேக்கலாமா?"

"கேக்க முடியாது மாமா."

"அப்ப பெல்ட்டை மாட்டு. நான் எடை போட்டது அந்த ஞாயித்துக்கிழமை. அதுக்குப் பிறகு அவ கூடினாலும் நீ கூடினாலும் உங்க பாடு."

சுருளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்படி ஒரு சட்டம் எப்பங்க போட்டீங்க?"

"இப்பத்தான்" என்றார் குருசாமி. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மகள் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "ஏத்தா யோகப்பிரியா, சம்பளம் கூடி ஒரு நாளாச்சாம்ல. பெத்தவனுக்கு ஒரு பரோட்டாகூட இல்லையா?"