குழாய் நுனியில் வைத்த சந்தனம்

கதிரவன் இறந்த பதினாறாம் நாள் கீரப்பாளையத்துக்குக் கிளம்பினேன். அழுகை வரவில்லை. பதினைந்து நாளாக எதுவுமே வரவில்லை. கடலூரில் பஸ் ஏறினேன், சிதம்பரத்தில் இறங்கி டீ வாங்கினேன், அதைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சொன்னால் கதிரவன் மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவன் அப்பா எப்படி உயிரோடு இருப்பார் என்று தெரியவில்லை.

நான் ராபர்ட். கடலூருக்கு மேற்கே முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். மொத்தமே இரண்டு குட்டி விமானங்கள். பறப்பதற்கு முன் மூக்கிலிருந்து வால் வரை சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. கதிரவன் அங்கே பயிற்சிக்கு வந்தவன், டிராக்டர் ஓட்டும் கண்ணாயிரத்தின் ஒரே பிள்ளை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

2010 ஆயுத பூஜைக்குக் கண்ணாயிரம் சந்தனக் கிண்ணத்தோடு வந்திருந்தார்.

"எங்க டிராக்டருக்கே ஒரு போல்ட்டு உடாம பொட்டு வெப்பேன் சார். என் புள்ள ஓட்டுற ஏரோப்ளேனுக்கு வெக்காம போவனா?" என்று சிரித்தார்.

யாரும் தடுக்கவில்லை. சக்கரம், கதவு, முன்கண்ணாடி என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே போனார். இறக்கைக்கு அடியில் விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனித் துளைக்குள் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் ஏறும்; முள் ஏறினால்தான் விமானத்தைத் தரையிலிருந்து தூக்குவார்கள். அந்த நுனியிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே, கதிரவன் தனியாகப் பறக்கட்டும் என்றார்கள். வெளியே தெரிய வேண்டுமே என்று முன்கண்ணாடியில் இருந்த சந்தனத்தை மட்டும் துடைத்தேன். குழாய் நுனியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. துணி கையில்தான் இருந்தது. பின்னால் பத்துப் பேர் கும்பிட்டபடி நின்றார்கள். பூஜை போட்டதை இந்த வேதக்காரன் துடைக்கிறான் பார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று கூசினேன். துளை அடைத்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மடையன்.

விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. முள் இதோ ஏறும் இதோ ஏறும் என்று பையன் காத்திருந்திருக்கிறான். ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் தூக்கினான். சக்கரம் முந்திரி மரத்தில் தட்டி, கவிழ்ந்து விழுந்து எரிந்தது. குழாயும் உருகிப்போனது. விசாரணைக்கு வந்தவர்களிடம், கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்தது என்றேன். அவர்கள் விமானியின் தவறு என்று எழுதிக்கொண்டார்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது.

கீரப்பாளையத்தில் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய இரண்டு பேர், ஒழுங்காகப் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று பேசிக்கொண்டே போனார்கள். கண்ணாயிரத்தின் காதில் விழாமல் இருந்திருக்காது. மொட்டைத் தலையோடு நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்குங்க சார். உங்க ஏரோப்ளேன ஒடச்சிட்டான். சரியா கத்துக்காம போயிட்டான் போல."

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவன் மேல தப்பு இல்ல ஐயா. எறக்கைக்கு அடியில இருந்த கொழாய சந்தனம் அடச்சிக்கிச்சு. அதனால வேகம் காட்டல. சந்தனத்த நான் பாத்தேன். தொடைக்கல. தொடைக்கறது என் வேல. தப்பு என்னுது."

காலில் விழவும் அடி வாங்கவும் தயாராகத்தான் நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப கதிரு சரியாத்தான் ஓட்டுனானா?"

"சரியாத்தான் ஐயா ஓட்டுனான்."

"நெசமாவா?"

"நெசந்தான்."

அவர் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். உள்ளே சுருண்டு படுத்திருந்த மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. பரீட்சையில் பிள்ளை பாஸ் என்று சொல்கிற குரல் அது.

"தைலா! எழுந்து வா. நம்ம புள்ள தப்பு பண்ணல. நாந்தான். நான் வெச்ச சந்தனந்தான்!"

தைலம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இல்லை அம்மா, நான்தான், நான்தான் என்று கத்தினேன். அவர்கள் இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை.