மருந்து குடுத்தாச்சு ஆச்சி

கிச்சாப்புக்கு இதயம் பெருத்துவிட்டது என்று கால்நடை மருத்துவர் கவிநயா சொன்னபோது விசாலி முதலில் சிரித்துவிட்டாள். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் வாலாட்டுகிற நாய்க்கு வேறு என்ன பெருக்கும் என்று தோன்றியது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நுரையீரல்ல தண்ணி சேருது. காலையில ஒரு மாத்திரை, சாயந்திரம் ஒரு மாத்திரை. ஒரு வேளைகூட தப்பக் கூடாது. தப்பினா மூச்சு விடத் திணறும்," என்றாள் கவிநயா.

விசாலிக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈப்போ பழைய டவுனில் ஒரு மருந்துக்கடையில் அவள் மருந்தாளுநர். அதே மாத்திரையை எத்தனையோ பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, இதையேதான் அவளும் சொல்லியிருக்கிறாள்.

கிச்சாப் அவளிடம் வந்து சேர்ந்தது மலையேறப் போன இடத்தில். சிம்பாங் பூலாயைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம், வீடமைப்புக்காகக் கைமாறியிருந்தது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்து போனவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தோட்டத்தின் பின்னால் மலைப்பாதை தொடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இறங்கி வரும்போது கறுப்புக் குட்டி ஒன்று பின்னாலேயே வந்து, கார்க் கதவைத் திறந்ததும் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. சோயா சாஸ் மாதிரி கறுப்பு மினுமினுத்ததால், மலாயில் அந்தச் சாஸின் பெயரான கிச்சாப் என்பதையே வைத்தாள். அதன்பிறகு இத்தனை வருஷத்தில் எந்த மலைக்கும் அவள் தனியாகப் போனதில்லை. இதயம் பெருத்த பிறகுதான் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

வீட்டில் அவளுடன் இருந்தது தம்பி நாச்சியப்பன் மட்டும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மணமுறிவுக்குப் பிறகு கோலாலம்பூரிலிருந்து திரும்பி, அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் அக்காவோடு தங்கிவிட்டான். அக்காவை ஆச்சி என்று கூப்பிடுவது அவர்கள் செட்டிநாட்டுக் குடும்ப வழக்கம். அவன் பிரியம் முழுக்க ஒரு மீன்மேல் இருந்தது. ஹாலின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நின்ற தொட்டியில், செம்பவள நிறத்தில் ஓர் அரோவனா. பவளம் என்று பெயர். அவன் கோலாலம்பூரில் இருந்த காலத்தில் வாங்கி ஈப்போ வீட்டில் வைத்ததால், அந்த அரிய மீனை வளர்க்க அரசாங்கம் கேட்கும் உரிமம் விசாலியின் பேரில் எடுக்கப்பட்டிருந்தது. அதைப்பற்றி இருவரும் யோசித்ததேயில்லை.

அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் அல்ல. அவன் மீனைப் பார்ப்பான், அவள் நாயைப் பார்ப்பாள். இரவுச் சாப்பாட்டை யாராவது ஒருவர் வாங்கி வருவார்கள்.

கோர்பு மலைக்குப் போவது விசாலியின் நெடுநாள் திட்டம். காட்டிலாகா அனுமதி கிடைத்து, வழிகாட்டியும் ஏற்பாடாகி, தோழி பிரமிளா விடுப்பும் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நாய்க்கு இப்படி. விசாலி பயணத்தை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். நாச்சியப்பன்தான் வற்புறுத்தினான்.

"நீ போயிட்டு வா ஆச்சி. மூணு நாளுலா? ஒரு மாத்திரை குடுக்கத் தெரியாதா எனக்கு?"

மாத்திரையைக் கோழி ஈரலுக்குள் வைத்து எப்படிக் கொடுப்பது என்று அவள் காட்டினாள். அவனும் ஒருமுறை செய்து காட்டினான். கிச்சாப் விழுங்கிவிட்டு அவன் கையை நக்கியது.

கோர்பில் முதல் நாள் முழுக்க மழை. அட்டைகள் காலுறைக்குள் புகுந்தன. மறுநாள் ஒரு முகட்டில் ஏறியபோதுதான் கைப்பேசியில் லைன் வந்தது. நாச்சியப்பனின் செய்தி காத்திருந்தது: 'மருந்து குடுத்தாச்சு ஆச்சி. நல்லா இருக்கான்.' கூடவே படம். பின்வாசலில் கிச்சாப் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த செய்தியிலும் அதே மாதிரி: 'சாயந்திர மருந்தும் குடுத்தாச்சு.' அதற்கும் ஒரு படம், தட்டில் முகத்தைப் புதைத்திருந்தது.

"என்னா தம்பிலா ஒனக்கு! என் தம்பியா இருந்தா நாயையே மறந்திருப்பான்," என்றாள் பிரமிளா.

விசாலி மேகத்துக்கு மேலே நின்று ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். 'தேங்க்ஸ்டா' என்று எழுதினாள். பிற்பாடு அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆறாமல் இருந்தது இந்த ஒரு சொல்தான்.

மலையிலிருந்து இறங்கி உலு கிந்தா வந்ததும் கைப்பேசி அதிரத் தொடங்கியது. எல்லாம் நல்லம்மாளின் தவறிய அழைப்புகள். நல்லம்மாள் புந்தோங்கிலிருந்து வாரத்தில் சில நாள் வந்து வீடு பெருக்கித் துடைப்பவள். பின்வாசல் சாவி அவளிடமும் ஒன்று உண்டு.

"எங்கமா போயிட்டே?" என்று அழுதாள் நல்லம்மாள். "நேத்து வேலைக்கு வந்தேன். வீட்டுல தம்பி இல்ல, வாசல்ல நிக்கிற காடியும் இல்ல. நாயி பின்னால சிமிண்டுல கெடந்து நாக்கு நீலமா இழுத்துக்கிட்டு இருக்கு. தண்ணிச் சட்டி காஞ்சு போச்சு. தம்பிக்கு போன் போட்டேன். தூங்கும்க்கா, விடுங்க, ஆச்சிகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு. எனக்கு மனசு கேக்கல. மருமவனை வேன் எடுத்துட்டு வரச் சொல்லி கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்."

"அவன் எங்கக்கா?"

"ஜோகூராம்மா. மீன் போட்டியாம். நீ கெளம்புன அன்னைக்கே கெளம்பிருச்சாம்."

விசாலி சேறு படிந்த காலணியோடு கிளினிக்குக்கு ஓடினாள். ஆக்சிஜன் கூண்டுக்குள் கிச்சாப் கிடந்தது. அவளைக் கண்டதும் வால் ஒருமுறை தரையில் தட்டியது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. கவிநயா ஊசிபோட்டு நீரை இறக்கப் பார்த்தாள். வெயிலில் காய்ந்ததில் சிறுநீரகமும் கெட்டிருந்தது. விசாலி கடைக்குப் போகவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் கிச்சாப் அவள் மடியில் இறந்தது.

நாச்சியப்பன் ஜோகூரிலிருந்து மூன்றாம் பரிசுக் கோப்பையோடு திரும்பியிருந்தான். பவளத்தை மீன்வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருந்தான். கோப்பையை விளக்கு வெளிச்சம் படும்படி தொட்டிமேல் வைத்திருந்தான்.

"அந்தப் படமெல்லாம் எப்ப எடுத்தே?" என்று கேட்டாள் விசாலி.

அவன் தலையைச் சொறிந்தான். "நீ கெளம்புன அன்னைக்கு. நீ மலையில கவலைப்படக் கூடாதுன்னுதான் ஆச்சி."

"ஒரு மாத்திரையாவது குடுத்தியா?"

"வயசான நாய் ஆச்சி. எப்படியும் போயிருக்கும். ஒனக்கு வேற நாய் நான் வாங்கித் தாரேன். நல்ல சாதி நாயா."

அவன் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விசாலி பின்னால் யோசித்ததுண்டு. அவன் கேட்கவில்லை. அவள் குளித்துவிட்டுப் படுத்தாள். வேற நாய் என்று அவன் சொன்ன அந்தக் குரலை மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தூக்கம் வருவதற்கு முன்பே என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

அவள் காத்திருந்தாள். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கவில்லை. சாப்பாடு வாங்கி வந்தாள், அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கொஞ்ச நாள் போனதும் தொட்டியருகில் போய் நிற்கத் தொடங்கினாள். "இது என்னா சாப்பிடும்? தண்ணி எப்ப மாத்துவே?" என்று கேட்டாள். நாச்சியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாய் போன துக்கத்துக்கு மீன் ஆறுதலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இறாலை எப்படி உரித்துப் போடுவது, வேறிடம் கொண்டுபோனால் செதில் நோகாமல் எப்படிப் பையில் எடுப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தான். பவளம் அவன் விரலோடு கண்ணாடி நெடுக நீந்தி வரும். அப்போது அவன் முகம் சின்னப்பையன் முகமாகிவிடும். விசாலி அதைக் கவனித்துப் பார்த்தாள். இது உண்மையான பிரியம்தான். போலியாக இருந்திருந்தால் அவளுக்குப் பயன்பட்டிருக்காது.

"ஜோகூர்ல மொதப் பரிசு யாரு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பெர்ச்சாம் லியோங். மோட்டார் பார்ட்ஸ் கடைக்காரன். ரொம்ப நாளா பவளத்தை விலைக்குக் கேக்குறான் ஆச்சி. நான் செத்தாலும் அவனுக்குக் குடுக்க மாட்டேன்."

விசாலி தலையாட்டினாள்.

காரைக்குடியில் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. வீட்டிலிருந்து ஒருவராவது போயாக வேண்டும். கடையில் ஆளில்லை என்று விசாலி சொல்லிவிட்டாள். விமானநிலையத்துக்குக் கிளம்பும்போது நாச்சியப்பன் தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துவிட்டு வந்தான்.

"தினம் ஒரு படம் அனுப்பு ஆச்சி."

"அனுப்புறேன்."

அவன் போன அன்று மதியம் அவள் கடைக்கு விடுப்புப் போட்டாள். திரையை மூடியும் திறந்தும், விளக்கைப் போட்டும் அணைத்தும் பவளத்தைப் படம்படமாக எடுத்தாள். கண்ணாடியில் தன் உருவம் தெரியும் என்று நினைவு வந்ததும் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். பிறகு மறுபடி மாற்றினாள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. நாய் படம் எடுத்தபோது தம்பிக்கு இவ்வளவு சிரத்தை இருந்திருக்காது என்று நினைத்தாள். அவன் அவசரத்தில் எடுத்திருப்பான், வெளியே வேன் காத்திருந்திருக்கும்.

சாயந்திரம், அவள் கூப்பிட்டிருந்தபடி, லியோங் இரண்டு ஆட்களோடு பெரிய பிளாஸ்டிக் பையும் ஆக்சிஜன் உருளையும் கொண்டு வந்தார். தொட்டியின் முன்னால் குனிந்து பவளத்தைப் பார்த்தார்.

"உங்கள் தம்பிக்குத் தெரியுமா, மிஸ்?" என்று மலாயில் கேட்டார்.

"உரிமம் என் பேரில். பெயர் மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்," என்று அவளும் மலாயில் சொன்னாள்.

"எவ்வளவு தரட்டும்?"

"ஒரு காசும் வேண்டாம். நன்றாக வளர்க்க வேண்டும். அடுத்த போட்டியில் உங்கள் பேரில் இறக்க வேண்டும். என் தம்பி என்ன விலை கொடுத்தாலும் திருப்பித் தரக் கூடாது."

லியோங் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். மீனைக் கொல்ல வேண்டும் என்று விசாலிக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அது என்ன பாவம் செய்தது? பையில் அது திரும்பி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து காரைக்குடிக்குப் படங்கள் போயின. 'சாப்பிட்டுச்சு.' 'இறால் போட்டேன், நல்லா இருக்கு.' நாச்சியப்பன் இதயக்குறிகளாக அனுப்பினான். ஒருநாள் வீடியோவில் காட்டச் சொன்னான். கிளேடாங் மலையில் இருப்பதாக எழுதினாள். அது பொய்யில்லை. ஏறி முடித்து, வியர்வை காற்றில் உலர, பாறையில் உட்கார்ந்துதான் அன்றைய படத்தை அனுப்பினாள். 'தேங்க்ஸ் ஆச்சி, நீ இல்லன்னா நான் என்னா செய்வேன்' என்று பதில் வந்தது. அவள் அதை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தடவை படித்தாள்.

அவன் திரும்பி வந்த காலையில் விசாலி காப்பி போட்டு வைத்திருந்தாள். அவன் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேராகத் தொட்டியிடம் போனான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஆச்சி, பவளம் எங்க?"

"லியோங் வீட்டுல."

அவனுக்குப் புரியவில்லை. "எப்ப? ஏன்? சீக்கா? நேத்து படம் அனுப்புனியே!"

"நீ கெளம்புன அன்னைக்கு எடுத்த படம்."

அவன் அப்படியே சோபாவில் உட்கார்ந்தான். கத்துவான் என்று விசாலி எதிர்பார்த்திருந்தாள், அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். அவன் கத்தவில்லை. காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அது அங்க சாப்பிடுதா ஆச்சி? புது எடத்துல சாப்பிடாது அது."

"சாப்பிடுதுன்னு நான் சொன்னா நம்புவியா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். விசாலி தன் காப்பியைக் குடித்து முடித்தாள். பரிதாபம் வருகிறதா என்று மனத்தைத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஒரு பெரிய ஏற்றத்தை முடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அவன் அன்றே பெர்ச்சாமுக்கு ஓடினான். லியோங் வாசல் கிரில்லைத் திறக்காமலே பேசி அனுப்பினார். காவல்நிலையத்தில் உரிமம் யார் பேரில் என்று கேட்டார்கள். சில மாதம் கழித்து ஈப்போவில் நடந்த போட்டியில் பவளம் முதல் பரிசு வாங்கியது. படம் அவன் இருந்த மீன்குழுவிலேயே வந்தது. லியோங் ஒரு கையில் கோப்பையோடு தொட்டிப் பக்கத்தில் நின்றார். வாழ்த்துகள் குவிந்தன. நாச்சியப்பன் குழுவிலிருந்து வெளியேறினான். மறுவாரம் வீட்டிலிருந்தும் வெளியேறி, சிம்பாங் பூலாயில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். காலித் தொட்டியை விசாலி பழையசாமான்காரனுக்குப் போட்டாள்.

சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "ஒரு நாய்க்காகவா?" என்றார்கள். "ஒரு மீனுக்காகத்தான் அவன் போயிருக்கான்," என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

ஒருநாள் நல்லம்மாள் துடைப்பத்தோடு சமையலறை வாசலில் தயங்கி நின்றாள்.

"தம்பியை புந்தோங் சந்தையில பார்த்தேன்மா. எளைச்சுப் போச்சு. லியோங் ஒனக்குப் படம் அனுப்புறாராமே. ஒரே ஒண்ணு கேக்குது. பார்த்துட்டு அழிச்சிருமாம்."

லியோங் வாரந்தவறாமல் அனுப்புகிறார் என்பது உண்மைதான். மீன் முன்னைவிட நீண்டிருந்தது, நிறம் இன்னும் ஏறியிருந்தது.

"இல்லன்னு சொல்லுங்கக்கா."

"அந்த நாயைத் தூக்கிட்டு ஓடுனவ நான்தான்மா. எனக்கே போதும்னு தோணுது."

"எனக்குத் தோணலக்கா."

நல்லம்மாள் துடைப்பத்தோடு பின்கட்டுக்குப் போனாள். விசாலி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். சமிக்ஞை விளக்கின் சிவப்பில் கார் நின்றபோது இந்த வாரப் படத்தைத் திறந்து, விரல்களால் பெரிதாக்கி, பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடிக்கும்வரை நிதானமாகப் பார்த்தாள்.